வரவும் செலவும் வீட்டாருக்குத் தெரியட்டும்

(குடும்ப ஞாயிறு ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்ப ஞாயிறன்று சிறிது நேரம் பேசும்படி போதகர் ஐயா என்னைக் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் காசைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். ஒரு கணம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அவருக்கு நன்றி.

ஒரு தாதிக்கும் வீட்டுக் காசுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவமனையில் இரவு வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும். "நித்திரை இல்லை" என்று சொல்லும் நோயாளியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தால், பல நேரம் கடைசியில் வருவது ஒரு கடன்தான். உடம்பில் நோவு ஒரு பக்கம், மனதில் கடிதம் ஒரு பக்கம். நானும் அப்படி நித்திரை இல்லாமல் கிடந்தவள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். என் கணவரிடமும் மகளிடமும் அனுமதி கேட்டுத்தான் வந்திருக்கிறேன். மகள் சொன்னாள், "சொல்லுங்கோ அம்மா, ஆனால் என்னை நல்ல பிள்ளை மாதிரிக் காட்டாதேங்கோ" என்று. முயற்சி செய்கிறேன்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு விடயம். எங்கள் வார்டில் சில நோயாளிகளின் கட்டிலோடு ஒரு தாள் இருக்கும். அதில் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் அவர் குடித்த தண்ணீர், சூப், ஏற்றிய சேலைன் எல்லாம் எழுதுவோம். மறு பக்கத்தில் அவர் கழித்த சிறுநீர், வாந்தி, குழாய் வழியே வந்தது எல்லாம் எழுதுவோம். 24 மணி நேரம் முடிந்ததும் இரண்டையும் கூட்டுவோம். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுவோம். சிறுநீரகமோ இதயமோ தளர்வதை, நோயாளியின் கால் வீங்கும் முன்பே அந்தத் தாள் சொல்லிவிடும்.

அந்தத் தாளை நோயாளியை ஏசுவதற்காக யாரும் எழுதுவதில்லை. நேரத்தோடு தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறோம். இதை மறக்க வேண்டாம். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

இனி எங்கள் கதை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990இல் எங்கள் குடும்பம் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனது. மண்டபம் முகாமில் இருந்தோம். தாதியர் படிப்பைத் தமிழ்நாட்டில்தான் முடித்தேன். திருமணமாகி 2007இல் இங்கே வந்தேன். வந்தவுடன் வெள்ளைச் சீருடை போடலாம் என்று கனவு கண்டேன். இந்தியாவில் பெற்ற தாதியர் தகைமை பிரான்சில் நேரடியாகச் செல்லாது என்பது வந்தபிறகுதான் தெரிந்தது. விடுதி அறைகள் துப்புரவாக்கினேன். இரவில் பிரெஞ்சு படித்தேன். 2011இல் இங்குள்ள தாதியர் கல்லூரியில் சேர்ந்து, 2014இல் அரச டிப்ளோமா பெற்றேன்.

அந்த மூன்று ஆண்டுகளும் என் கணவரின் உணவகச் சம்பளத்தில்தான் வாழ்ந்தோம். லா கூர்நெவில் ஓர் அறை வீடு. மகள் சின்னப் பிள்ளை. வேலை முடிந்து வரும்போது அவர் சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய், மலிவாகக் கொடுக்கும் லீக்ஸ், கரட், கோவா வாங்கி வருவார். முருங்கைக்காய் மாதத்தில் ஒரு நாள்தான். லீக்ஸ் வறையும் பருப்பும் ரின் மீன் குழம்புமாகக் காலம் போனது. மாதக் கடைசியில் எங்களிடம் எதுவும் மிஞ்சாது. ஆனால் ஒருவருக்கும் ஒரு சதமும் கடன் இல்லை.

கடன் எப்போது வந்தது தெரியுமா? நான் தாதியாகி இரண்டு சம்பளம் வரத் தொடங்கியபிறகு.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கை இறுகியிருந்த காலத்தில் ஒவ்வொரு யூரோவும் எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியும். இரண்டு சம்பளம் வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டோம். அவர் இரவு வேலை, நான் சில வாரம் பகல், சில வாரம் இரவு. சமையலறையில் சந்திக்கும்போது பிள்ளைகளைப் பற்றிப் பேசவே நேரம் போதாது. காசைப் பற்றி யார் பேசுவது? கார் தவணைக்கு வாங்கினோம். 2016இல் மகனின் முதலாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தோம். மண்டபம், சாப்பாடு, அலங்காரம், வீடியோ எல்லாமாக 6,200 யூரோ. மொய்யாக 4,000 யூரோவுக்கு மேல் வந்தது. "பெரிய நட்டம் இல்லை" என்று சொல்லிக்கொண்டோம். அடுத்த இரண்டு ஆண்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரோ ஒருவரின் மண்டபத்துக்குக் கடித உறையோடு போனபோதுதான் புரிந்தது. மொய் வரவு அல்ல, அது கைமாற்று. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

பிறகு சீட்டு. பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 20 பேர் சேர்ந்து மாதம் 250 யூரோ போட்டால் 5,000 யூரோ சேரும். அதை மாதம் ஒருவர் எடுப்பார். அவசரமாகக் காசு தேவைப்படுகிறவர் கழிவு கூறி, 4,000 யூரோ போதும் என்று முதலில் எடுப்பார். மிச்ச 1,000 யூரோ எல்லாருக்கும் பங்காகப் போகும். அவசரமில்லாதவர் கடைசி வரை பொறுத்திருந்து முழுத் தொகையையும் எடுப்பார். ஆகவே முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். வங்கி எங்களை ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில் லாச்சப்பலில் எத்தனையோ பேர் கடை போட்டதும் வீடு எடுத்ததும் சீட்டுக் காசில்தான். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்திரம் இல்லை, காப்புறுதி இல்லை. நடத்துகிறவரின் வாக்கு ஒன்றுதான் அதன் பூட்டு.

நாங்கள் கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தோம். 14 மாதம் கட்டியிருந்தோம். 2018இல் சீட்டு நின்றுபோனது. அந்தக் காசை ஊரில் தன் தங்கச்சியின் கல்யாணத்துக்கு என்று என் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் என்னிடம் சொல்லவில்லை. தங்கச்சியிடமும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இருவரிடம் 4,500 யூரோ கைமாற்று வாங்கினார். ஒரு கடன் அட்டையில் 3,800 யூரோ எடுத்தார். கல்யாணம் நன்றாக நடந்தது. படங்கள் வந்தன. நானும் பார்த்து மகிழ்ந்தேன்.

2019 ஜனவரியில் ஒரு நாள், மகளின் புத்தகப் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. பாடசாலையிலிருந்து வந்தது. அவள் அப்போது சே.எம். தூ, அதாவது ஐந்தாம் வகுப்பு. வகுப்போடு ஐந்து நாள் வெளியூர் போவதற்குப் பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டிய தாள். திகதி கடந்து மூன்று வாரம். ஏன் தரவில்லை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"காசு இல்லைத்தானே அம்மா."

யார் சொன்னது என்றேன். "அப்பாக்கு வந்த கடிதத்தை நான்தானே வாசிச்சுச் சொன்னனான்" என்றாள்.

சபையாரே, நம் வீடுகளில் பிரெஞ்சுக் கடிதங்களை வாசிப்பது யார்? பிள்ளைகள்தான். எட்டு வயதில் வாடகைக் கடிதம், ஒன்பது வயதில் மின்சாரக் கடிதம், பத்து வயதில் வங்கிக் கடிதம். அப்பா மகளிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்து, "இதில என்ன எழுதியிருக்கு, அம்மாட்ட சொல்லாதை" என்று சொல்லியிருக்கிறார். நாலு மாதமாகப் பத்து வயதுப் பிள்ளை எங்கள் வீட்டுக் கடனைத் தனியே சுமந்திருக்கிறாள். சப்பாத்து இறுக்கமாக இருந்தும் கேட்கவில்லை. பயணத் தாளை மறைத்தாள். வார்டில் பத்து நோயாளிகளின் தாளை ஒழுங்காக எழுதிய எனக்கு, என் வீட்டில் யாருக்கு நோவு என்று தெரியவில்லை.

அன்று இரவு அவர் வேலையால் வந்தபோது நான் படுக்காமல் இருந்தேன். சண்டை போடத்தான் காத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். அவர் கதிரையில் இருந்து அழுதார். "உம்மட படிப்பாலதான் இந்த வீடு நிமிர்ந்தது. அதை நான் கெடுத்துப்போட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

வேதத்தில் இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கணவன் இறந்துவிட்டான். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். அவள் எலிசாவிடம் ஓடுகிறாள். எண்ணெய் பெருகிய அற்புதத்தை ஞாயிறு பாடசாலையில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் அற்புதத்துக்கு முன்பு அந்தத் தீர்க்கதரிசி ஒரு கேள்வி கேட்கிறார், வீட்டில் என்ன இருக்கிறது என்று. அவள் ஒளிக்காமல் இருந்ததைச் சொல்கிறாள், ஒரு குடம் எண்ணெய் என்று. அற்புதத்துக்குப் பிறகும் அவர் சொல்வது எளிமையானது: எண்ணெயை விற்றுக் கடனைக் கொடு, மிச்சத்தில் நீயும் பிள்ளைகளும் வாழுங்கள். கடன் முதல், சீவியம் மிச்சத்தில். அந்தக் கதையில் கடனால் பறிபோக இருந்தது வீடும் நிலமும் அல்ல, பிள்ளைகள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அந்த இரவே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் உள்ளே போனது, அந்தப் பக்கம் வெளியே வந்தது. முழுக் கடன் 9,400 யூரோ. எழுதி முடித்ததும் விடியற்காலை மூன்று மணி. கடன் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அவர் அன்றுதான் நன்றாக நித்திரை கொண்டார்.

அந்தத் தாள் எங்களுக்குக் காட்டியவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, சொட்டுச் சொட்டாக ஒழுகும் இரத்தம். கணக்கில் காசு இல்லாத நேரத்தில் தொலைபேசி, காப்புறுதி, மின்சாரம் என்று தானாகக் கழிக்க வரும் ப்ரெலெவ்மான் திரும்பினால், வங்கி ஒவ்வொன்றுக்கும் 20 யூரோ வரை எடுக்கலாம். ஒரே மாதத்தில் எங்களுக்கு மூன்று திரும்பியிருந்தது. 60 யூரோ வீண். காரணம் என்ன? அவருடைய சம்பளம் 8ஆம் திகதிதான் வரும், கழிவுகள் 5ஆம் திகதி வரும். மூன்று நிறுவனங்களையும் அழைத்து 12ஆம் திகதிக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். மாற்றித் தந்தார்கள். ஒரு சதம்கூடக் கூடுதலாக உழைக்காமல் மாதம் 60 யூரோ மிஞ்சியது.

இரண்டாவது, கடன் அட்டை. கடைகளில் காசு கட்டும் இடத்தில் சிரித்துக்கொண்டு நீட்டுவார்கள், கழிவு தருகிறோம் என்று. அது பெரும்பாலும் க்ரெடி ரெனுவ்லாபிள், சுழன்று சுழன்று வரும் கடன். சிறிய தொகைகளுக்கு அதன் வட்டி ஆண்டுக்கு 20 சதவீதம் வரை, சிலவேளை அதற்கு மேலும் போகும். 3,000 யூரோவை அந்த வட்டியில் எடுத்து 36 மாதம் கட்டினால், ஏறத்தாழ 1,000 யூரோ வட்டியாகவே போகும். முதல் மாதத் தவணையில் பாதிக்குக் கிட்ட வட்டி. ஆகவே எங்கள் கடன்களில் முதலில் அடைத்தது அதைத்தான். கைமாற்றுத் தந்த இரண்டு பேரிடமும் நாங்கள் இருவரும் நேரில் போய், மாதம் எவ்வளவு தர முடியும் என்று சொன்னோம். ஒருவர் கோபித்தார். மற்றவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். இருவரும் பொறுத்தார்கள். ஒளிந்து திரிந்திருந்தால் பொறுத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, கேட்காமல் விட்டவை. பாடசாலைச் சாப்பாட்டுக் கட்டணம் குடும்பத்தின் வருமானத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. பத்திரங்களை நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் ஆகக்கூடிய கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள். நாங்கள் ஓர் ஆண்டு முழுவதும் கொடுக்கவில்லை! வேலைக்குப் போய்வரும் நவிகோ மாத அட்டையின் பாதிக் காசை வேலை கொடுப்பவர் திருப்பித் தர வேண்டும். அதை என் கணவர் ஒருபோதும் கேட்கவில்லை. 2019 ஜனவரியிலிருந்து வருமான வரி சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. அதனால் இனி வரிப் பத்திரம் நிரப்பத் தேவையில்லை என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் அதைச் சரிபார்த்து, தேவையானால் நிரப்பியே ஆக வேண்டும். பல உதவிகளுக்கு அந்தப் பத்திரம்தான் திறப்பு.

28 மாதம் கட்டினோம். மாதம் 380 யூரோ. காரை விற்றோம். ரயிலில் போனோம். முருங்கைக்காய் மீண்டும் மாதத்தில் ஒரு நாளானது. நடுவில் 2020 மார்ச் வந்தது. உணவகங்களை ஒரே இரவில் மூடினார்கள். நான் மருத்துவமனையில் முகக்கவசத்தோடு நிற்க, அவர் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார். அரசு பகுதி வேலையிழப்புக் கொடுப்பனவு தந்தது. அது கைக்கு வரத் தாமதமான வாரங்களில் எங்களைத் தாங்கியது, அந்தத் தாளில் "எதிர்பாராதது" என்று எழுதி மாதம் 40 யூரோவாகச் சேர்த்து வைத்த 480 யூரோதான். பெரிய தொகை அல்ல. ஆனால் புதுக்கடன் ஒன்றும் வாங்காமல் அந்தக் காலத்தைக் கடந்தோம்.

எங்களைவிட ஆழத்தில் இருப்பவர்களும் இங்கே இருக்கலாம். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எப்படிக் கூட்டினாலும் கடனை அடைக்க முடியாத குடும்பங்களுக்காக, 1989 டிசம்பரில் இயற்றிய ஒரு சட்டத்தின்படி இந்த நாட்டில் ஓர் ஆணைக்குழு இருக்கிறது. பிரான்ஸ் மத்திய வங்கியான பாங்க் து பிரான்சில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. தவணையை நீட்டலாம், வட்டியைக் குறைக்கலாம், நிலைமை மிக மோசமானால் கடனைத் தள்ளுபடி செய்யவும் முடியும். புவான் கொன்செய் பட்ஜே என்னும் ஆலோசனை இடங்களிலும் காசு வாங்குவதில்லை. அசிஸ்தான் சோசியால் என்று நாம் சொல்லும் சமூகப் பணியாளரிடம் வழி கேளுங்கள். "உங்கட கடனை நாங்கள் தீர்த்துத் தாறம், முதலில இவ்வளவு கட்டுங்கோ" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். மொழி தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன். பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம்.

இனிப் பிள்ளைகளுக்கு. நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததற்கு ஒரு கதை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தோடு போர். கப்பலில் கரும்புச் சீனி வரவில்லை. பாரிஸ் பக்கத்தில் பாசி என்ற இடத்தில் பென்ஜமென் தெலெசேர் என்பவர் பீற்றூட் கிழங்கிலிருந்து சீனி எடுத்தார். 1812 ஜனவரியில் நெப்போலியன் அதைப் பார்க்க நேரில் வந்து, தன் சட்டையில் இருந்த பதக்கத்தையே கழற்றி அவருக்குக் குத்தினாராம். அந்த தெலெசேர் ஒரு புரொட்டஸ்தாந்துக் குடும்பத்துப் பிள்ளை. 1818இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து பாரிஸில் ஒரு சேமிப்பு நிலையம் தொடங்கினார்கள். வேலையாட்களும் வீட்டு வேலை செய்பவர்களும் தங்கள் சிறு காசைக் கொண்டுவந்து போட ஒரு சிறிய புத்தகம் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தின் வழிவந்ததுதான் இன்று நாம் லிவ்ரே ஆ என்று சொல்வது. உங்களில் பலரின் பெயரில் அது இருக்கும். ஆளுக்கு ஒன்றுதான் வைத்திருக்கலாம். உச்சம் 22,950 யூரோ. வரும் வட்டிக்கு வரி இல்லை. 12 வயது தாண்டினால் லிவ்ரே ஜேன் என்று இன்னொன்றும் திறக்கலாம், அதில் 1,600 யூரோ வரை. வருமானம் குறைந்த பெற்றோருக்கு லிவ்ரே தெபார்ஞ் பொப்புலேர் உண்டு. அதற்கு லிவ்ரே ஆவைவிடக் கூடிய வட்டி. பெரியவர்களே, தகுதி இருந்தும் திறக்காமல் இருந்தால் இந்த வாரமே வங்கியில் கேளுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு வங்கிப் புத்தகம் இருக்கவில்லை. ஒரு பானை இருந்தது. மண்டபம் முகாமில் பங்கீட்டு அரிசியில் சோறு போடும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போடுவா. பிடியரிசி. நம்முடைய சபைகளில் பெண்கள் நெடுங்காலமாகச் செய்து வந்தது அது. மிசோரம் சபைகளில் 1910 முதல் இன்றுவரை அப்படி அரிசி சேர்த்துத்தான் ஊழியத்தைத் தாங்குகிறார்கள். எங்களுக்கே போதாதே என்று ஒரு நாள் நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். அடுத்த கிழமை பக்கத்து அறைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, தகப்பன் வேலைக்குப் போகவில்லை. அம்மா அந்தப் பானையைத்தான் திறந்தா. அவர்கள் வீட்டில் மூன்று நாள் கஞ்சி காய்ந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, சிக்கனமாக இருப்பவருக்குத்தான் கொடுப்பதற்கு ஏதாவது இருக்கும் என்று. எங்கள் தாளிலும் காணிக்கைக்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் ஒரு வரி உண்டு. கடன் கட்டிய 28 மாதமும் அது சிறிதாக இருந்தது, ஆனால் வெறுமையாக இருக்கவில்லை.

ஊருக்கு அனுப்பும் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதையும் மாதத் தொகையாகத் தாளில் எழுதினோம். இவ்வளவுதான் முடியும் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவ சொன்னது ஒன்றுதான்: "ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? நாங்கள் என்ன, காசுக்கே உன்னைப் பெத்தனாங்கள்?" இங்கே நாம் எப்படி உழைக்கிறோம் என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியாது. ஏனென்றால் நாம் மண்டபப் படங்களை மட்டும்தான் அனுப்புகிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து போய்ச் சாப்பிட்டபிறகு, நாலு பேரும் மேசையில் இருப்போம். அரை மணி நேரம். தாளை மேசையில் வைப்போம். மகன் கூட்டுவான், மகள் பிழை பார்ப்பாள். யாரையும் ஏசக் கூடாது என்பது விதி. ஏசினால் அடுத்த மாதம் உண்மை வராது. கடிதங்களை நானோ அவரோதான் திறப்போம். விளங்காவிட்டால் பிள்ளையிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்போம், ஆனால் பாரத்தைக் கொடுக்க மாட்டோம். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இல்லாததை எப்படிச் சமாளிப்பது என்பது எங்கள் வேலை.

இந்த ஆண்டு மகனுக்குப் பத்து வயது. அவனே தாளைப் பார்த்துவிட்டு, மண்டபம் வேண்டாம், லா கூர்நெவ் பூங்கா போதும் என்றான். பன்னிரண்டு நண்பர்கள், ஒரு பந்து, வீட்டில் செய்த கேக், ரோல்ஸ், பற்றிஸ். 85 யூரோ. மழை வந்தது. எல்லாரும் நனைந்துகொண்டே விளையாடினார்கள். முதலாவது பிறந்தநாளின் வீடியோ எங்களிடம் இருக்கிறது, அவன் அதில் அழுதுகொண்டே இருக்கிறான். இந்தப் பிறந்தநாளுக்கு வீடியோ இல்லை. ஆனால் அவன் நண்பர்கள் இன்னும் அந்த மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மகளின் பயணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த நாள் காலையிலேயே ஆசிரியையிடம் போனேன். திகதி கடந்ததுதான், ஆனாலும் இடம் இருந்தது. வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைத்தார்கள், மூன்று தவணையில் கட்டச் சொன்னார்கள். அவள் போனாள். திரும்பி வந்து பனியைப் பற்றி இரண்டு நாள் ஓயாமல் கதைத்தாள். காசு இல்லை என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்த காரியத்துக்கு, கேட்டிருந்தால் வழி இருந்திருக்கிறது.

அன்பான பெற்றோரே, வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து எழுதுங்கள். ஒளித்து வைத்த கடிதம் இருந்தால் இன்றைக்கே மேசையில் வையுங்கள். பிள்ளைகளே, உங்களுக்குப் பாரமான கடிதம் ஏதாவது வாசித்திருந்தால், இன்று இரவு படுக்க முன் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள். உங்களை ஏசினால் என்னிடம் வாருங்கள், நான் அவர்களோடு பேசுகிறேன்.

அந்த விதவையின் வீட்டில் இருந்த ஒரு குடம் எண்ணெயைப் பார்த்த தேவன், நம் வீட்டில் இருப்பதையும் பார்க்கிறார். இருப்பதைச் சொல்லும் தைரியத்தையும், அதில் நேர்மையாக வாழும் ஞானத்தையும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கும் மனதையும் அவர் நம் குடும்பங்களுக்குத் தருவாராக. ஆமென்.